பாதையைப் பார்த்த அடுக்களைகள்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு என்ஜினியர்கள் தக்கலையிலுள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி ஜெனிஷா, இன்னொருவன் அபிலாஷ். திற்பரப்பு போகிற வழியில் நாங்கள் கட்டிய பென்ஷன் காலனியை ஒட்டி இன்னொரு வரிசை வீடு கட்டப்போகிறார்களாம். அதற்காகப் பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததும் சிரிப்பு வந்திருக்கிறது. எல்லா வீட்டுக்கும் அடுக்களை பாதையைப் பார்த்து இருக்கிறது. வராந்தாவும் முன்னறையும் பின்னால் ரப்பர் தோட்டத்தைப் பார்த்து இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவன் கண்ணில் முதலில் படுவது பாத்திரம் கழுவுகிற தொட்டி. ஜெனிஷா மரியாதையாகச் சுற்றிவளைத்துக் கேட்டாள். அபிலாஷுக்கு அந்தச் சிரமமெல்லாம் கிடையாது.

"அங்கிள், இது யாருக்க ஐடியா? படத்தைத் தலைகீழாப் பிடிச்சிட்டுக் கெட்டிட்டியளா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு பேரையும் உட்காரச் சொன்னேன். என் மனைவி காப்பியை வைத்துவிட்டு, "வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டிய பிள்ளையளே" என்று உள்ளே போய்விட்டாள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்று சொல்லாமல் விட்ட ஒன்றையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

நான் ஓவர்சியர். நாகர்கோவிலில் டிப்ளமோ படித்தேன். மார்க்கைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம். படிப்பு முடிந்ததும் சவுதிக்குப் போய், பாலைவனத்தில் தொழிலாளிகளுக்கு போர்ட்டா கேபின் வைக்கிற வேலை பார்த்தேன். வீடு என்பது லாரியில் வரும், கிரேன் தூக்கி வைக்கும், சாயங்காலம் ஆள் குடியேறலாம் என்று அங்கேதான் கண்டேன். அதற்கு முன்னால் வீடு என்றால் கல்லும் மண்ணும் கொத்தனாரின் கோபமும் சேர்ந்து வருஷக்கணக்கில் முளைக்கிற ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். கல்யாணம் ஆனபிறகு திரும்பிப் போக மனசில்லை. தக்கலையில் ஒரு சின்னக் கட்டுமானக் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் ஜெபராஜ் சார்.

சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. தலையில் ஒரு முடி கிடையாது. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வேலை நன்றாக இருந்தால் கொத்தனாரிலிருந்து சித்தாள் வரைக்கும் எல்லாரும் அவருக்கு "மக்கா"தான். வேலை மோசமாக இருந்தால் "மிஸ்டர்" போடுவார். "மிஸ்டர் குமரேசன், கொஞ்சம் வரணும்" என்று அவர் அமைதியாகக் கூப்பிட்டால் குமரேசன் கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுத்தான் கிட்டே போவார். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு கோலிக்குண்டு கிடக்கும். தரை போட்டு முடிந்ததும் அதை நடுவில் வைப்பார்.  குண்டு எந்தப் பக்கம் உருள்கிறதோ அந்தப் பக்கத்துத் தரை போட்டவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. குளியலறை என்றால் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, கடைசிச் சொட்டு ஓடைக்குள் போகிறவரைக்கும் கைகட்டி நிற்பார். வேஷ்டியை மடித்துக்கட்டி அதில் வெறுங்காலால் நடந்தும் பார்ப்பார். இன்னொரு பழக்கமும் உண்டு. எதையாவது வரைவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். வெயில், கொசு, ஜனம் எதுவும் அவரை எழுப்பாது.

பென்ஷன் காலனியை ஆரம்பித்தது சில பெரிய மனிதர்கள் சேர்ந்த ஒரு டிரஸ்ட். பிள்ளைகள் எல்லாம் கல்ஃபிலும் கனடாவிலும் இருக்க, இங்கே தனியாகக் கிடந்த ரிட்டயர்ட் ஆட்களுக்காக. சீக்கிரம் வேண்டும் என்றார்கள். அதனால் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஆலையில் செய்த வீடுகள் வந்தன. இரும்புச் சட்டம், தகடுக்குள் நுரை வைத்த சுவர், பலகைத் தரை. சுற்றுவட்டாரத்தில் அதற்கு 'லாரி வீடு' என்று பேர் விழுந்துவிட்டது.

ஒரு பாதை, அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு வரிசை. வராந்தாக்கள் பாதையைப் பார்த்து எதிரெதிரே இருக்க வேண்டும் என்பது சாரின் வரைபடம். லாரி முன்பக்கமாக நுழையும் என்று கணக்கிட்டு அந்தந்த வரிசைக்கு ஏற்றபடி வீடுகளை ஏற்றியிருந்தார்கள், ஆனால் அந்தச் சரிவில் லாரி திரும்ப இடமில்லை. மேலே ரோட்டிலிருந்து பின்பக்கமாகவே இறங்கியது. தூக்கிய வீட்டைக் கிரேன் சுழற்றலாம் என்றால் தலைக்கு மேலே கரண்ட் கம்பி. குடியேற வேண்டியவர்களோ சாமான்களோடு வந்து ரோட்டில் நிற்கிறார்கள். வேறு வழியில்லாமல் வீடுகள் எல்லாம் பாதைக்கு முதுகைக் காட்டியபடியே இறங்கின. இரண்டு வரிசை அடுக்களைகளும் குறுகிய பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சார் அன்றைக்கு யாரையும் மிஸ்டர் போடவில்லை. யாரைப் போட முடியும்? ஆனால் அதற்குப் பிறகு அந்த வழியாக ஜீப்பில் போகும்போதெல்லாம் அவர் தலை எதிர்ப்பக்கம் திரும்பிவிடும்.

நம்மூர் மழை சும்மா விடுமா? வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், நடுவில் கடல்காற்று. தகடு துருப்பிடித்தது. பலகை ஊறிப்போய் உப்பியது. கூரையில் நாங்கள் ஒட்டிய ஒட்டுக்கு மேல் ஒட்டு. நான் ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்போது, இதையெல்லாம் எடுத்துவிட்டு அதே இடத்தில் செங்கல்லும் கான்கிரீட்டுமாகப் புது வீடு கட்ட டிரஸ்ட் தீர்மானித்தது. சாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தலையைத் திருப்பிக்கொண்டே கழித்த அத்தனை வருஷங்களுக்கும் சேர்த்து வரைந்தார். வராந்தா பாதையைப் பார்த்து, அடுக்களை பின்னால் ஒதுக்கமாக, நல்ல காற்றோட்டத்தோடு. மேலே விருந்தாளிகளுக்கென்று கட்டிப்போட்டிருந்த அறைகளில் நாலு வீட்டுக்காரர்களை முதலில் குடிவைப்பது, அந்த நாலு வீட்டையும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது, அவர்கள் திரும்பி வந்ததும் அடுத்த நாலு பேர். யாரும் காலனியை விட்டு வெளியே போக வேண்டாம்.

அதற்கு முன்னால் அளவு எடுத்தோம். குளியலறைக் கைப்பிடிகளுக்குப் புத்தகத்தில் ஒரு உயரம் போட்டிருக்கிறது. சார் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்காரவைத்து, "எந்திரிங்க" என்பார். எழும்போது கை தானாக எங்கே போய்ப் பிடிமானம் தேடுகிறதோ, அங்கே சுவரில் நான் பென்சிலால் கோடு போட வேண்டும். மூன்று தடவை எழச் சொல்வார். முதல் தடவை வீம்புக்கு எழுவார்கள், மூன்றாம் தடவைதான் முழங்கால் உண்மையைச் சொல்லும் என்பது சாரின் கணக்கு. நாங்களெல்லாம் மேட்ரனக்கா என்று கூப்பிடும் அம்மாளின் முறை வந்தபோது, அவர் எழுந்து நின்று, அளவு டேப்பை ஏற இறங்கப் பார்த்தார்.

"சவப்பெட்டிக்கு அளவெடுக்கியளா?" என்று கேட்டார்.

காலனியே சிரித்தது. சார் மட்டும் டேப்பைக் கீழே போட்டுவிட்டார்.

மேட்ரனக்கா குளச்சல்காரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குவைத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ரிட்டயர் ஆனவர். கடப்புறத்துக் குரல், சாதாரணமாகப் பேசினாலே கரையில் நின்று படகைக் கூப்பிடுகிறது மாதிரி இருக்கும். பாதைக்கு நேர் எதிர்வீட்டில் செல்லப்பன் அண்ணாச்சி. தக்கலையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர், அய்யாவழிக்காரர், நெற்றியில் நாமம் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. மனைவி தவறி, மகன்கள் இருவரும் துபாயில். முதல் நாலு வீடுகளில் இந்த இரண்டும் உண்டு.

அளவெல்லாம் சிரித்துக்கொண்டே கொடுத்தவர்கள், படத்தைக் காட்டி, "சரி, எப்போ மாறலாம்?" என்றதும் பின்வாங்கினார்கள். செல்லப்பன் அண்ணாச்சி டைல்ஸ் வழுக்கும் என்றார். சொரசொரப்பான டைல்ஸ் கொண்டுபோய்க் காட்டினேன். கால் குத்துகிறதாம். பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் சுவருக்குப் பச்சை நிறம் கண்ணுக்கு ஆகாது என்றார். வேறு நிறம் சொன்னேன், அதற்கும் தலையாட்டவில்லை. மேட்ரனக்கா சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. வாஸ்து சரியில்லையாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசையை விடாத ஆள். "உங்களுக்கு எப்போக்கா வாஸ்து வந்தது?" என்று கேட்டேன். "குவைத்திலேயே வந்துட்டு" என்றார். ஒரு ஒழுக்கை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று ஒழுகியது.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை நெருங்கிக்கொண்டிருந்தது. மேட்ரனக்காவின் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பலகை இற்றுப்போய் அவர் கால் உள்ளே இறங்கிவிட்டது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. டிரஸ்ட்காரர்களோ, இஷ்டமில்லையென்றால் விட்டுவிடலாம், மழைக்குப் பிறகு வீடுகளை மூடிவிட்டு அவரவர் பிள்ளைகளிடம் போகச் சொல்லலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். மேட்ரனக்காவுக்குப் போக எந்தப் பிள்ளை? அதை அவரிடமே நான் சொன்னேன். அந்தக் குரல் முதல்முறையாகத் தாழ்ந்து, "அறியும் மக்கா" என்றது. அவ்வளவுதான். 

ஒருநாள் விடியற்காலையில் பம்ப் ஓடவில்லை என்று போன் வந்தது. போய்ச் சரிசெய்துவிட்டு, தண்ணீர் வருகிறதா என்று பார்க்க மேட்ரனக்காவின் அடுக்களைக்குள் நுழைந்தேன். அவர் பால் இல்லாத கட்டன்சாயா போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கிளாஸ் தந்தார். தன்னுடையதை எடுத்தார். என்னோடு பேசிக்கொண்டே, என்னைப் பார்த்துக்கொண்டே, கிளாசை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டிவிட்டு இறக்கினார். எதிர் ஜன்னலில் செல்லப்பன் அண்ணாச்சியின் கையும் ஒரு கிளாசைத் தூக்கி இறக்கியது. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பாதை நெடுக இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கிளாஸ் ஏறி இறங்கியது.

என்ன இது என்றேன். "சும்மா" என்றார். நான் நகரவில்லை. அவர் சாயாவைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்.

"சாவுக்கு எனக்குப் பயமில்ல மக்கா. எத்தனை பேருக்குக் கண்ணை மூடி விட்டிருக்கேன். ஆளறியாம கெடக்கதுதான் பயம். குவைத்தில ஒரு நர்சு, எனக்க கூட்டுக்காரி, லீவு நாள்ல பிளாட்டுல விழுந்து செத்தா. நாத்தம் அடிச்ச பொறவுதான் கதவை ஒடைச்சாங்க."

எதிர்வீட்டில் கிளாஸ் தெரியவில்லையென்றால் சாவியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஒவ்வொருவர் அடுக்களையிலும் எதிர்வீட்டுச் சாவி ஆணியில் தொங்கியது. இதை ஏன் படம் காட்டிய கூட்டத்தில் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் டிரஸ்ட்காரர்கள் கேமரா வைப்பார்களாம். கேமராவைத் துபாயிலிருந்து மகன்கள் பார்ப்பார்களாம். அப்பனும் அம்மையும் தினம் காலையில் உயிரோடு இருக்கிறோமா என்று எண்ணிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால் மறுநாளே டிக்கெட் எடுத்து வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். செல்லப்பன் அண்ணாச்சி ஒருதடவை துபாய் பிளாட்டில் ஆறு மாதம் இருந்து வந்தவர். ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு கட்டிடத்தின் ஏசி மட்டும்தான் தெரியும் என்று சொல்வாராம்.

சாரிடம் மட்டும் சொல்லலாமா என்று அனுமதி வாங்கிக்கொண்டு போய்ச் சொன்னேன். அடுக்களையைப் பாதைப் பக்கமே வைத்துவிடலாம் என்றேன்.  சார், "மிஸ்டர் ராஜமணி" என்றார். என் வேலைக்காலத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். ஒவ்வொரு கட்டிலுக்கும் மணி வைக்கலாம், குளியலறையில் கயிறு தொங்கவிடலாம், அதற்கெல்லாம் வழி இருக்கிறது என்றார். ஒரு தப்பை நாமே இரண்டாம் தடவை கல்லில் கட்டுவதா என்றார். விழுந்தவர்கள் மணியை அடிப்பார்கள், செத்தவர்கள் எப்படி சார் அடிப்பார்கள் என்று கேட்டுவிட்டேன். கோபத்தில் வந்ததுதான். சார் எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து விடியும் முன்னே ஜீப் என் வாசலில் நின்றது. பின்சீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி.

மேட்ரனக்கா அரைமனதோடு கதவைத் திறந்தார். சார் அடுக்களையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு உள்ளே இடமில்லை. ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றேன். மேட்ரனக்கா சாருக்கு ஒரு கட்டன்சாயாவைக் கொடுத்துவிட்டு, தன் காலை ஜெபத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளறைக்குப் போனார். அந்த நேரத்தில் எதிர் ஜன்னல் திறந்தது. செல்லப்பன் அண்ணாச்சியின் கை கிளாசோடு உயர்ந்தது. சார் என்ன நினைத்தாரோ, பதில் மரியாதை செய்யாமல் இருக்கக் கூடாது என்று நினைத்தாரோ, தன் கிளாசை எடுத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

அண்ணாச்சி பார்த்தது என்ன? மேட்ரனக்கா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மொட்டைத் தலை, ஒரு ஆம்பிளைக் கை. அவர் போட்ட சத்தத்தில் ரப்பர் தோட்டத்துக் காக்காயெல்லாம் கிளம்பிவிட்டது. சாவியையும் எடுத்து, கதவுத் தாழ்ப்பாளாக வைத்திருந்த இரும்புக் கம்பியையும் எடுத்துக்கொண்டு பாதையைக் கடந்து ஓடி வந்தார். வழுக்கும், கால் குத்தும் என்று என்னை டைல்ஸ் மாற்றவைத்த மனிதர். ஹெட்மாஸ்டர் குடையோடு வந்தார். நைட்டிக்கு மேலே துண்டு போட்ட இரண்டு டீச்சர்மார், பல் செட்டைக் கையில் பிடித்தபடி ஒரு ரிட்டயர்ட் தாசில்தார், நான் நகர்ந்து வழிவிடுவதற்குள் அத்தனை பேரும் உள்ளே. சாரைச் சுவரோடு சேர்த்து நிறுத்திவிட்டார்கள்.

ஜெபம் முடித்து வந்த மேட்ரனக்கா கதவருகே நின்று, "எனக்க அடுக்களையில என்ன கூட்டம்?" என்று கேட்டார்.

அந்தக் குரலைக் கேட்டதும் அண்ணாச்சி கம்பியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாருக்கும் அதைப் பார்க்காத மாதிரி இருக்கத் தெரிந்திருந்தது. மேட்ரனக்கா அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சாரின் நாடியையும் பிடித்துப் பார்த்து, சாருடையதுதான் மோசம் என்று தீர்ப்புச் சொன்னார். சார் சிரித்தார். அப்படி அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஜீப்பில் திரும்பும்போது திருவட்டாறு தாண்டும்வரைக்கும் சார் கோலிக்குண்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"மக்கா, வரிசையைத் திருப்பு. பழசு, லாரி செய்த காரியம். இதை நாம அறிஞ்சே செய்வோம்."

திருப்பி வரைவது என்றால் சும்மா இல்லை. குழாய், கழிவுநீர், கரண்ட் எல்லாம் மறுபடி. சார் ஒன்றையும் விடவில்லை. அடுக்களை ஜன்னலின் அடிமட்டத்தை வழக்கமான உயரத்தில் வைக்காமல், ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்கார்ந்து கிளாசைத் தூக்கச் சொல்லி அளந்தார். நிற்க முடியாத நாளிலும் கிளாஸ் எதிர்வீட்டுக்குத் தெரிய வேண்டும். சன்ஷேடின் நிழல் ஜன்னலில் விழுந்து மறைக்காதபடி குறைத்தார். டிரஸ்ட்காரர்கள் காரணம் கேட்டதற்கு, வாஸ்து என்றார். மேட்ரனக்கா பக்கத்தில் நின்று பக்தியாகத் தலையாட்டினார். அடுத்த வாரமே நாலு வீடும் காலியாயிற்று. டைல்ஸ் பற்றி யாரும் பேசவில்லை.

புது வீட்டில் பால் காய்ச்சியது ஒரு நல்ல நாள். செல்லப்பன் அண்ணாச்சி வீட்டில் அய்யாவழி உகப்படிப்புப் பிரார்த்தனை முடிந்து இந்தப் பக்கம் வந்தால் மேட்ரனக்கா வீட்டில் பங்குச்சாமியார் தண்ணீர் தெளிக்கிறார். நாங்கள் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டோம். சார் ஒவ்வொரு அறையிலும் கோலிக்குண்டை வைத்துப் பார்த்தார். அது எங்கேயும் அசையவில்லை. குமரேசன் கொத்தனார் அன்றைக்கு மூன்று தடவை பாயசம் வாங்கினார்.

அபிலாஷும் ஜெனிஷாவும் இதுவரைக்கும் கேட்டுவிட்டு, புது வரிசைக்கும் அடுக்களையைப் பாதைப் பக்கம் வைக்கலாமா என்று கேட்டார்கள். அங்கே குடிவரப்போகிறவர்களிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள் என்றேன். அவர்கள் போனபிறகுதான் இன்னொன்றைச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. சிரித்துக்கொண்டே கிளம்பிய பிள்ளைகளிடம் அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன மழைக்காலத்தில் மேட்ரனக்கா இறந்துபோனார். புது வீட்டில் சில வருஷம் நன்றாகவே இருந்துவிட்டுத்தான் போனார். அடக்கம் குளச்சலில். ஊரே வந்திருந்தது, குவைத்துக்குப் போகும்முன் அவர் பிரசவம் பார்த்துப் பிறந்தவர்கள் தலை நரைத்து நின்றார்கள். செல்லப்பன் அண்ணாச்சி கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் தனியாக நின்றார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். எனக்குக் கேட்கத் தைரியமில்லை. அவரே சொன்னார்.

"ஜன்னலைத் தொறந்து வச்சிருந்தா. கிளாசைக் காணல்ல. நான் எனக்க கிளாசைக் கீழ வச்சிட்டு சாவியோட போனேன். கசேரையில சாய்ஞ்சு இருந்தா, ஒறங்குது மாதிரி." சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "அடுப்பில சாயாவுக்கு வச்ச வெள்ளம் கொதிச்சிட்டுத்தான் இருந்தது. வத்தக்கூட இல்ல, மக்கா."